வைரல் வீடியோவுக்கு பின்னால் விளம்பர சோலி: காசு வாங்கினால் சொல்லியே ஆகணும்!

நாகர்கோவில்:

வடசேரியில் பஸ்சுக்கு நிற்கும்போது செல்போனில் ஒரு வீடியோ வருகிறது. "மக்களே, இந்த விலைக்கு சேலை வேற எங்கேயும் கிடைக்காது" என்று ஒரு வாலிபர் ஜவுளிக்கடைக்குள் நின்று கத்துகிறார். பார்த்தவர் மாமியாருக்கு அனுப்புகிறார். மாமியார் மகளுக்கு அனுப்புகிறார். பொழுது சாய்வதற்குள் தெரு முழுக்க சுற்றி விடுகிறது.

டி.வி.யில் விளம்பரம் வந்தால் சேனலை மாற்றுகிறோம். இதை மட்டும் நாமே நாலு பேருக்கு அனுப்புகிறோம். கம்பெனிகளுக்கு வேண்டியதும் அதுதான். இதற்கு பெயர் 'வைரல் மார்க்கெட்டிங்'. காய்ச்சல் கிருமி மாதிரி ஆளுக்கு ஆள் தொற்றுவதால் இந்த பெயர்.

மிக்சியில் கோலிக்குண்டு

அமெரிக்காவில் 'பிளென்டெக்' என்று ஒரு மிக்சி கம்பெனி. 2006-ம் ஆண்டு அதன் முதலாளி டாம் டிக்சன் வெள்ளை கோட் போட்டுக்கொண்டு, மிக்சியில் கோலிக்குண்டை போட்டு பொடியாக்கி யூடியூப்பில் விட்டார். மறு ஆண்டு புத்தம் புது ஐபோனையே போட்டு அரைத்தார். முதல் வீடியோக்களுக்கு சாமான் வாங்க ஆன செலவு சுமார் 50 டாலர்தான். அன்றைய மதிப்பில் 2 ஆயிரத்து சொச்சம் ரூபாய். "என் மிக்சியை வாங்குங்க" என்று அவர் கெஞ்சவில்லை. ஜனங்கள் வேடிக்கை பார்த்தார்கள், சிரித்தார்கள், அடுத்தவருக்கு அனுப்பினார்கள். மிக்சி விற்பனை பல மடங்கு ஏறியது.

கொலவெறி

நம்ம தமிழ்நாட்டில் இதை எல்லோருக்கும் காட்டியது 'ஒய் திஸ் கொலவெறி டி' பாட்டு. '3' படத்துக்காக அனிருத் இசையில் தனுஷ் எழுதி பாடியது. படம் வரும் முன்பே பாட்டு இன்டர்நெட்டில் கசிந்து விட்டது. வேறு ஆளாக இருந்தால் தலையில் கை வைத்திருப்பார்கள். இவர்களோ, ஸ்டுடியோவில் தனுஷ் பாடுகிற வீடியோவை 2011 நவம்பர் 16-ந்தேதி யூடியூப்பில் விட்டார்கள்.

தமிழ் தெரியாத டெல்லி, மும்பைக்காரர்களும் முணுமுணுத்தார்கள். அந்த டிசம்பரில் ஜப்பான் பிரதமர் நோடாவுக்கு பிரதமர் மன்மோகன்சிங் கொடுத்த விருந்துக்கு தனுசுக்கும் அழைப்பு போனது.

தானாக பரவியது போலத்தான் தெரிந்தது. ஆனால் பேஸ்புக், ட்விட்டரில் அதை தள்ளி விட சோனி மியூசிக் கம்பெனி ஒரு விளம்பர ஏஜென்சியை வைத்து வேலை பார்த்தது. பாட்டு நல்ல பாட்டு, அதில் சந்தேகமில்லை. 2012 மார்ச் 30-ந்தேதி படம் வந்தது. பாட்டு ஓடிய அளவுக்கு படம் ஓடவில்லை.

பாட்டை கேட்டதில் நமக்கு பைசா நஷ்டமில்லை. சேலை வீடியோ அப்படி இல்லை.

ஓசி சாப்பாடும் கணக்குதான்

இன்று சினிமா கம்பெனிதான் வேண்டும் என்றில்லை. மார்த்தாண்டத்தில் ஒரு ஓட்டல் திறந்தாலும், தக்கலையில் ஒரு நகைக்கடை திறந்தாலும் ரீல்ஸ் போடுகிறவரை கூப்பிடலாம். பணம் கொடுத்து கூப்பிடுவது குற்றமில்லை. அதுவும் ஒரு தொழில். வாங்கியதை மறைத்து, தானே தேடிப்போய் கண்டுபிடித்த மாதிரி பேசுவதுதான் தப்பு. பெண்பிள்ளை கல்யாணத்துக்கு கூலிப்பணத்தில் சேர்த்ததை எடுத்துக்கொண்டு அவர் பேச்சை நம்பி ஒருவர் பஸ் ஏறுகிறார் அல்லவா?

மத்திய நுகர்வோர் துறை 2023 ஜனவரியில் இதற்கு விதிமுறை வெளியிட்டது. காசு மட்டுமல்ல. ஓசி சாப்பாடு, இலவச துணி, தள்ளுபடி, டூர், எது வாங்கியிருந்தாலும் "இது விளம்பரம்" என்று தெளிவாக சொல்ல வேண்டும். வீடியோவில் எழுத்திலும் காட்டணும், வாயாலும் சொல்லணும். அடியில் ஹேஷ்டேக் கூட்டத்துக்குள் ஒளித்து வைத்தால் செல்லாது.

2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு சட்டப்படி பொய் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். திரும்ப செய்தால் 50 லட்சம் வரை. கம்பெனிக்கு மட்டுமல்ல, பேசி நடித்தவருக்கும்தான். அவர் ஒரு வருடம் விளம்பரத்தில் தலைகாட்ட தடையும் விதிக்கலாம். மறுபடியும் செய்தால் 3 வருடம் வரை.

வீடியோவை நம்பி வாங்கி ஏமாந்தவர்கள் பில்லை தூக்கிப்போட வேண்டாம். வீடியோவையும் செல்போனில் சேமித்து வைக்கணும், நாளை அழித்து விடுவார்கள். 1915 என்ற எண்ணில் இலவசமாக புகார் சொல்லலாம். நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 2 வருடத்துக்குள் வழக்கு போடணும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் வழக்கு கட்டணம் கிடையாது.