வீட்டுப் பட்டறை – 7: மணல் அடிக்கலாமா?

வருஷக்கணக்கில் மாட்டுக் கொட்டகையில் நின்ற புல்லட்டைத் தள்ளி வந்ததும் கிக்கர் மேல் ஏறி நிற்பவர்கள்தான் அதிகம். ஆசை புரிகிறது. ஆனால் பழைய புல்லட்டுக்கு ஆயில் தொட்டி தனியாகக் கிடையாது. கிராங்க் கேஸுக்குள்ளேயே ஓர் அறை அது. வண்டி நெடுநாள் நின்றால் ஆயில் பம்ப் வழியாகக் கசிந்து கிராங்க் பக்கம் தேங்கிவிடும். அந்த நிலையில் ஸ்டார்ட் ஆனால் தெருவே புகைதான். முதலில் அடியில் உள்ள டிரெயின் பிளக்கைக் கழற்றிப் பழைய சட்டி ஒன்றை வைத்துவிடுங்கள்.

குன்றாண்டார்கோவிலில் நாம் பிரித்துக்கொண்டிருக்கும் வண்டியில் கிக்கரை மிதிக்கவே வழியில்லை. பிஸ்டன் ஜாம். ஸ்பார்க் பிளக் துளை வழியாக டீசலை ஊற்றி ஊறவிட்டோம். பிறகு டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னுமாக அசைத்தோம். நாள்பட்டுத்தான் இளகியது. சுத்தியலை அந்தப் பக்கமே கொண்டுவராதீர்கள். பிளாக்கில் கோடு விழுந்திருந்தால் திருச்சி லேத் பட்டறையில் போர் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம். 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், 346 சி.சி. என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம்.

வலப்பக்க டைமிங் கவரைத் திறந்ததும் ஒரு கண்ணி இருக்கிறது. கிராங்க் முனையில், ஆயில் பம்பைச் சுழற்றும் வோர்ம் நட்டுக்கு இடது மரை. வழக்கம்போல இடப்பக்கம் திருப்பினால் கழலாது, இன்னும் இறுகும். பலம் கொடுத்தால் மரை போய்விடும். இதைத் தெரிந்துவைத்திருந்த கீரனூர் மெக்கானிக் தம்பி நிதானமாக வலப்பக்கம் திருப்பி எடுத்தார். எடுத்த கையோடு கேட்டார்:

“அண்ணே, இஞ்சின் கேஸை அப்படியே மணல் அடிச்சுக் கொண்டாந்துடவா? கண்ணாடி மாதிரி வந்துரும்.”

“வேணாம் தம்பி. மண்ணெண்ணெய், பிரஷ். அது போதும்.”

அவருக்கு ஏமாற்றம்தான். ஆனால் இந்த இஞ்சினின் கனெக்டிங் ராடு பெரிய முனையில் இருப்பது உருளை பேரிங் அல்ல, மிதக்கும் புஷ். அதற்கு உயிர் கொடுப்பது ஆயில் மட்டுமே. கேஸுக்குள் ஓடும் ஆயில் துளைகள் குறுகலானவை. மணல் அடித்தால் அதில் நாலு துகளாவது தங்கும். எத்தனை முறை காற்றடித்தாலும் முழுக்கப் போகாது. இஞ்சின் ஓடத் தொடங்கியதும் அந்தத் துகள் நேரே புஷ்ஷுக்குத்தான் போகும்.

குன்றாண்டார்கோவில் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். குன்றைக் குடைந்த சிவன் கோயிலும், குதிரைகள் இழுக்கும் தேர் போலச் செதுக்கிய விஜயநகரக் காலத்து மண்டபமும் அவர்கள் தினம் பார்ப்பவை. கோயில்களைப் பளிச்சென்று ஆக்குகிறோம் என்று மணல் அடித்ததில் உளித்தடமும் கல்வெட்டும் எத்தனை இடங்களில் மழுங்கின! அதனால்தான் கோயில் கல்லில் மணல் அடிக்கத் தடை வந்தது. வண்டிக்கு மட்டும் யாரும் தடை போடவில்லை.

டேங்க் பெயின்ட் விஷயத்திலும் என் கட்சி அதுவே. மதராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து 1955-ல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. முதலில் அங்கிருந்து வந்த பாகங்களைப் பூட்டினார்கள். பிறகு திருவொற்றியூரிலேயே செய்தார்கள். டேங்கில் ஓடும் தங்கக் கோட்டை அங்கே தூரிகை பிடித்துக் கையாலேயே இழுத்தார்கள். உற்றுப் பார்த்தால் வளைவில் தடிமன் கொஞ்சம் மாறும். ஸ்டிக்கரில் அது வராது. பெயின்ட் பாதிக்கு மேல் நிற்கிறதென்றால் உள்துருவை மட்டும் எடுத்து, வெளியே மெழுகு போட்டு விட்டுவிடுங்கள். அங்கங்கே உரிந்திருப்பது எனக்கு அழகாகத்தான் தெரிகிறது. வீட்டம்மாவுக்கு அப்படித் தெரியவில்லை.

மூடும்போது இரண்டைப் பாருங்கள். இஞ்சின் குளிர்ந்திருக்க, பிஸ்டன் கம்ப்ரஷன் உச்சியில் நிற்க, புஷ்ராடை இரு விரலால் சுற்றினால் சுற்ற வேண்டும். மேலும் கீழும் ஆடக் கூடாது. ஸ்டார்ட் ஆனதும் ராக்கருக்குப் போகும் ஆயில் பைப்பின் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்துங்கள். ஆயில் கசிந்தால் பம்ப் வேலை செய்கிறது. கசியவில்லையா, உடனே அணையுங்கள்.

ஆர்.சி.யைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். நம் புதுக்கோட்டை மாவட்டமே 1974 ஜனவரியில்தான் பிறந்தது. அதற்கு முந்தைய ஆர்.சி.யில் திருச்சி என்று இருந்தால் பதற வேண்டாம். 50 வயது தாண்டி, மூல உருவம் மாறாத வண்டியை 2021-ல் வந்த விதிப்படி விண்டேஜ் என்று பதியலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், செல்லுபடி 10 ஆண்டு. பழைய எண் இருந்தால் அதுவே தொடரும். ஆனால் கண்காட்சி, ராலி, பெட்ரோல், ரிப்பேர் தவிர வேறெதற்கும் ரோட்டில் இறக்க முடியாது. சந்தைக்கும் வயலுக்கும் போகிறவர் வழக்கமான ஆர்.சி.யையே ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பித்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். ஆர்.சி. இன்னும் அப்பா பெயரில் இருந்தால் பெயர் மாற்றத்தை முதலில் முடியுங்கள். வயரிங்கை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)