‘ப்ளக்டு இன், நாட் சார்ஜிங்’: நாமளே கழட்டி மாட்டின லேப்டாப் ஏன் சார்ஜ் ஏறல?

போன வாரம் தங்கச்சி லேப்டாப்பைக் கழட்டி ஃபேன் மாத்தினேன். “இருபது நிமிஷ வேலைதான்”னு சொல்லித்தான் வாங்கினேன். மாட்டி ஆன் பண்ணா ஃபேன் சத்தம் போயிடுச்சு. ஆனா பேட்டரி 34 சதவீதத்துலயே நிக்குது. கீழே ‘ப்ளக்டு இன், நாட் சார்ஜிங்’. திங்கட்கிழமை அவளுக்கு ப்ராஜெக்ட் ரிவ்யூ. எனக்கு வேர்த்துப் போச்சு.

முதல்ல அந்த மெசேஜ் என்ன சொல்லுதுன்னு பார்ப்போம். ‘ப்ளக்டு இன்’ன்னா சார்ஜர்ல இருந்து கரண்ட் போர்டு வரைக்கும் வருது. அதைப் பேட்டரிக்கு அனுப்பத்தான் லேப்டாப் மறுக்குது. ஏன்?

போர்டுல ஒரு சின்ன கன்ட்ரோலர் சிப் இருக்கு. பேட்டரி எவ்வளவு சூடா இருக்கு, எத்தனை வோல்ட், எவ்வளவு கரண்ட் தாங்கும்னு அது கேட்டுக்கிட்டே இருக்கும். கனெக்டர்ல இருக்கிற தடிமனான ஒயர்கள் கரண்ட் போக. மெல்லிய ஒயர்கள் இந்தப் பேச்சுவார்த்தைக்கு. ஒழுங்கா பதில் வரலைன்னா சிப் சார்ஜ் ஏத்தாது. லித்தியம் பேட்டரி விஷயத்துல இந்தப் பிடிவாதம் நமக்கு நல்லதுதான்.

அதனால இந்த வரிசையில பாருங்க.

ஒண்ணு, செட்டிங்ஸ். 60 இல்ல 80 சதவீதத்துல நின்னா, பேட்டரி ஆயுளுக்காக வெச்ச லிமிட்டா இருக்கலாம்.

ரெண்டு, சார்ஜர். வாட்ஸ் கம்மியான டைப்-சி சார்ஜர்ல லேப்டாப் ஓடும், ஆனா சார்ஜ் ஏறாம போகலாம். சில டெல் சார்ஜர்கள்ல நடுவுல ஒரு மெல்லிய பின் இருக்கும். அது வளைஞ்சாலும் இதே கதை.

மூணு, ரீசெட். ஷட்டவுன் பண்ணி, சார்ஜரை எடுத்துட்டு, பவர் பட்டனை 30 செகண்ட் அழுத்திப் பிடிங்க. குழம்பிப் போன கன்ட்ரோலர் பல நேரம் இதுலயே தெளிஞ்சிடும்.

நாலு, அப்புறம்தான் ஸ்க்ரூடிரைவர். சார்ஜரைப் பிடுங்கிட்டு, பேட்டரி கனெக்டரைக் கழட்டி நேரா, முழுசா மாட்டுங்க. பின் வளைஞ்சிருக்கா, ஒயர் எங்கயாவது நசுங்கியிருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க.

என் விஷயத்துல இதுதான். கனெக்டர் ஒரு பக்கம் துளி தூக்கி இருந்துச்சு. தடிமனான பின்கள் தொட்டுக்கிட்டு இருந்ததால சார்ஜரை எடுத்தாலும் லேப்டாப் ஓடுச்சு. அதனாலதான் கனெக்டர் மேல எனக்குச் சந்தேகமே வரல. அழுத்தி மாட்டினதும் 35.

ஆனா ஒரு விஷயத்துல விளையாடாதீங்க. பேட்டரி உப்பியிருந்தா, கீறல் விழுந்திருந்தா, நீளமான ஸ்க்ரூ தப்பான ஓட்டையில போய்க் குத்தியிருந்தா, அங்கேயே நிறுத்துங்க. திரும்ப சார்ஜ் போட்டுப் பார்க்கக் கூடாது, அமுக்கக் கூடாது, குப்பைத்தொட்டியில போடக் கூடாது. ‘செத்த’ பேட்டரிக்கு வெளியில இருந்து நேரா கரண்ட் கொடுத்து எழுப்புற வீடியோவெல்லாம் பார்த்துட்டு முயற்சி பண்ணாதீங்க. தீப்பிடிக்கும். சர்வீஸ் சென்டர்ல கொடுத்துடுங்க.

ரிவ்யூ நல்லபடியா முடிஞ்சுது. அடுத்த தடவை லேப்டாப்பைக் கேட்டா மட்டும் தர மாட்டாளாம்.