பள்ளிக்கூடம் கட்டக் கொடுத்த பணம் புத்தக விளம்பரத்துக்குப் போனது எப்படி? மோர்டென்சன் விவகாரத்தின் முழுப் பின்னணி

பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் மலைக் கிராமங்களில் பெண் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம். அதற்காக அமெரிக்கப் பள்ளி மாணவர்கள் ஒவ்வொரு சென்ட் நாணயமாகச் சேர்த்துக் கொடுத்தார்கள். அப்போதைய அதிபர் ஒபாமாகூட, தனக்குக் கிடைத்த நோபல் பரிசுத் தொகையில் இருந்து 1 லட்சம் டாலர் கொடுத்தார். அந்தப் பணத்தை வாங்கிய அமைப்பின் நிறுவனரே பிறகு 10 லட்சம் டாலருக்கு மேல் திருப்பிக் கட்ட வேண்டிய நிலை வந்தது. என்ன நடந்தது?

யார் இந்த மோர்டென்சன்?

கிரெக் மோர்டென்சன் ஒரு மலையேற்ற வீரர். 1993-ல் உலகின் 2-வது உயரமான சிகரமான கே2-வில் ஏற முயன்று, உச்சிக்குப் போகாமலே திரும்பினார். இறங்கும் வழியில் தடம் மாறி கோர்ஃபே என்ற கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்ததாகவும், அந்த மக்கள் காட்டிய அன்புக்குக் கைமாறாகப் பள்ளி கட்டித் தருவதாக வாக்குக் கொடுத்ததாகவும் அவர் சொன்னார். 1996-ல் 'சென்ட்ரல் ஏசியா இன்ஸ்டிட்யூட்' என்ற தொண்டு நிறுவனம் உருவானது. தலைமையகம் அமெரிக்காவின் மொன்டானா மாகாணத்தில்.

இந்தக் கதையைச் சொல்லும் 'த்ரீ கப்ஸ் ஆஃப் டீ' புத்தகம் 2006-ல் வெளியாகி லட்சக்கணக்கில் விற்றது. நன்கொடையும் கொட்டியது. சிக்கலும் அங்கேதான் ஆரம்பிச்சது.

குட்டு உடைந்தது எப்படி?

2011 ஏப்ரலில் சிபிஎஸ் தொலைக்காட்சியின் '60 மினிட்ஸ்' நிகழ்ச்சி இந்த விவகாரத்தைக் கையில் எடுத்தது. கோர்ஃபே கதையே அப்படி நடக்கவில்லை என்று கேள்வி எழுப்பியது. நிறுவனம் கட்டியதாகச் சொன்ன சுமார் 30 பள்ளிகளை விசாரித்தபோது, ஏறக்குறைய பாதி காலியாகக் கிடந்தன, அல்லது வேறு யாரோ கட்டியவை, அல்லது எந்த உதவியும் கிடைக்காதவை என்று அந்த நிகழ்ச்சி சொன்னது. புத்தகத்தில் சில சம்பவங்களைச் சுருக்கிச் சொன்னதாக மோர்டென்சன் விளக்கம் கொடுத்தார்.

அதே வாரம் எழுத்தாளர் ஜான் க்ராகாவரும் விரிவான கட்டுரை ஒன்றை வெளியிட்டார். இவரே ஒருகாலத்தில் இந்த நிறுவனத்துக்கு 75 ஆயிரம் டாலர் கொடுத்தவர். நிறுவனத்தை மோர்டென்சன் தன் சொந்த ஏடிஎம் மாதிரி பயன்படுத்துகிறார் என்று முன்னாள் நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருவர் எச்சரித்ததால் 2002-லேயே விலகிவிட்டதாகச் சொன்னார். அதாவது, வெளியே தெரிவதற்கு 9 வருஷம் முன்பே உள்ளே இருந்தவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது.

சரி, பணம் எங்கே போச்சு?

யாரும் பெட்டியை உடைத்துப் பணத்தை எடுத்துக்கொண்டு ஓடவில்லை. மொன்டானா அட்டர்னி ஜெனரல் ஸ்டீவ் புல்லக் 2012 ஏப்ரலில் வெளியிட்ட விசாரணை அறிக்கையில் இருப்பது வேறு வகை.

மோர்டென்சன் எழுதிய புத்தகங்களை இலவசமாக விநியோகிக்க, நிறுவனமே 39.6 லட்சம் டாலருக்கு வாங்கியது. அவற்றை விளம்பரப்படுத்த இன்னும் 49.3 லட்சம் டாலர். புத்தகம் விற்றால் ராயல்டி அவருக்கு. நிறுவனம் வாங்கும் பிரதிகளுக்கான ராயல்டிக்கு ஈடான தொகையை நிறுவனத்துக்கே கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருந்தார். வருஷக்கணக்கில் கொடுக்கவில்லை.

அடுத்தது பயணம். கூட்டங்களில் பேசப் போகும்போது ஏற்பாட்டாளர்கள் பயணச் செலவு கொடுத்தார்கள். அதே பயணத்துக்கு நிறுவனமும் செலவழித்தது. ஒரே டிக்கெட்டுக்கு இரண்டு இடத்தில் காசு! போதாததற்கு நிறுவனத்தின் கிரெடிட் கார்டில் சொந்தச் செலவுகளும் இருந்தன.

இதெல்லாம் கணக்கில் எப்படித் தெரியாமல் போகும் என்று நீங்கள் கேட்கலாம். தெரிந்தது, ஆனால் வேறு பெயரில். அவரது கூட்டங்களும் புத்தகப் பிரசாரமும் 'அமெரிக்க மக்களுக்கான விழிப்புணர்வுக் கல்வி' என்ற கணக்கில் வந்ததால், பார்ப்பவர்களுக்கு எல்லாமே கல்விச் செலவாகத்தான் தெரியும். 2009-ல் செலவான பணத்தில் 41 சதவீதம் மட்டுமே பள்ளிகளுக்குப் போனது என்று '60 மினிட்ஸ்' கணக்கைப் பிரித்துக் காட்டிய பிறகுதான் பலருக்கு விஷயம் புரிந்தது.

ஏன் யாரும் கேட்கவில்லை?

கேட்டவர்கள் இருந்தார்கள். செலவுக்கு ரசீது கொடுங்கள் என்று ஊழியர்கள் கேட்டும் அவர் சரியாகக் கொடுக்கவில்லை என்கிறது அறிக்கை. கேள்வி கேட்ட சிலர் வெளியேறினார்கள். கடைசியில் நிர்வாகக் குழுவில் மிஞ்சியது 3 பேர். அதில் ஒருவர் மோர்டென்சன், மற்ற இருவரும் அவருக்கு வேண்டியவர்கள். தன் பில்லைத் தானே பாஸ் பண்ணுகிற நிலைமை.

உண்மையில் இந்த மொத்த விவகாரத்திலும் பெரிய ஓட்டை இந்த 3 பேர் குழுதான். நன்கொடை வந்ததே அவர் முகத்துக்காக என்பதால், அவரைக் கேள்வி கேட்டால் வருமானமே போய்விடும் என்ற பயம் எந்த அமைப்புக்கும் வரும். நல்ல காரியம் என்ற பெயரும் சேர்ந்துவிட்டால், ரசீது கேட்பவர்தான் வில்லன் ஆகிவிடுகிறார்.

தண்டனை என்ன?

இது சிறைக்குப் போன வழக்கு அல்ல, மாகாண அரசுடன் செய்துகொண்ட உடன்பாடு. ஏற்கனவே கட்டியதையும் சேர்த்து 10 லட்சம் டாலருக்கு மேல் மோர்டென்சன் திருப்பித் தர வேண்டும். தலைமைப் பொறுப்பிலோ, வாக்குரிமையோடு நிர்வாகக் குழுவிலோ இருக்கக் கூடாது. மற்ற இரு உறுப்பினர்களும் விலகி, குறைந்தது 7 பேர் கொண்ட புதிய குழு அமைய வேண்டும். ஆனால் ஊழியராகத் தொடரலாம்! பலருக்கு இது நெருடலாகவே இருந்தது. அதேநேரம், அவர் செய்த பணி மதிப்புள்ளது என்பதையும் அந்த அறிக்கை மறுக்கவில்லை.

ஏமாந்துவிட்டோம் என்று வாசகர்கள் சிலர் தனியாகப் போட்ட வழக்கு, அதே 2012-ல் தள்ளுபடியானது. 2013-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. மோர்டென்சன் 2016-ல் நிறுவனத்தை விட்டு வெளியேறினார். அவர் போன பிறகும் நிறுவனம் அதே பெயரில் பணியைத் தொடர்ந்தது.