ஏலம் போகும் ஊரில் இரண்டு நாள்

மூணாறு போகிறவர்களுக்குப் போடிநாயக்கனூர் என்பது டீ குடிக்க வண்டியை நிறுத்தும் ஊர். டீயைக் குடித்துவிட்டு இரண்டு நாள் தங்கிவிடுங்கள் என்பேன்.

முதல் நாள் இருட்டோடு எழ வேண்டும். தூக்குவாளியும் கையுமாக ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலையேறும் நேரம் அது. 17 கொண்டை ஊசி வளைவுகள் தாண்டினால் போடிமெட்டு, கேரள எல்லை. கீழே வேர்த்த உடம்பு மேலே ஸ்வெட்டர் தேடும். காய் விளைவது பெரும்பாலும் அந்தப் பக்கம், இடுக்கி மலையில். பறிக்கும் கைகளில் பல இந்தப் பக்கத்தவை.

ஏலச்செடி ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கும். காயோ தரையோடு படரும் சரத்தில். நாள் முழுக்கக் குனிந்துதான் எடுக்க வேண்டும். பச்சைக் காயை ‘ஸ்டோர்’ எனும் சூட்டறையில் ஏறக்குறைய ஒரு நாள் உலர்த்துவார்கள். 5 கிலோ போட்டால் 1 கிலோ தேறும். அது போடிக்கு வந்து, சல்லடையில் சலித்து, பருமன் வாரியாகப் பிரியும். 8 மில்லிமீட்டரைத் தாண்டிய காய்க்குத் தனி மவுசு. பிறகு ஏலத்துக்கே ஏலம். கூவி விற்ற காலம் போய், நறுமணப் பொருள் வாரியத்தின் மையத்தில் எல்லாம் கம்ப்யூட்டரில் நடக்கிறது. கடைத்தெருவில் சும்மா நடந்தாலே சட்டையில் வாசம் ஏறிவிடும்.

மறுநாள் குரங்கணி. நூறாண்டுக்கு முன் மூணாறுத் தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி இந்தப் பள்ளத்தாக்கில்தான் இறங்கின. மேலே 7,000 அடிக்கு மேல் கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம். தமிழ்நாட்டு மண், ஆனால் ஜீப் போவது கேரளத்துச் சூரியநெல்லி வழியாக. 2018 மார்ச் 11-இல் இந்தச் சரிவில் பற்றிய காட்டுத்தீ, மலையேறப் போன 23 பேரைப் பலிகொண்டது. வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் யார் கூப்பிட்டாலும் காட்டுப் பாதையில் கால் வைக்காதீர்கள். கோடையில் கேட்கவே வேண்டாம்.

திரும்பி வர ரயில் உண்டு. அகலப்பாதைப் பணிக்காக 2010-இன் கடைசியில் நின்றுபோனது, 2023 ஜூனில்தான் போடிக்குத் திரும்பியது. இப்போது வாரம் 3 நாள் சென்னைக்கும் போகிறது. ஏறும் முன் கால் கிலோ காய் வாங்குங்கள். கண்ணைப் பறிக்கும் பச்சையில் மயங்க வேண்டாம்; சாயம் ஏற்றிய காயும் சந்தைக்கு வருவதுண்டு. ஈரக் கையில் தேய்த்துப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.