ஊர்கூடி எடுக்கும் முடிவு

நுழையும்முன்

வீட்டின் குறையை வீட்டார் கூடிப் பேசித் தீர்க்கின்றனர். வீதியின் குறையை யார் பேசுவது? வாக்களிப்பதோடு குடிமக்களின் கடமை முடிந்துவிடுகிறதா? நகரத்தில் வாழும் மக்கள் தம் பகுதியின் முடிவுகளில் பங்குபெறும் முறைகளையும் அவற்றின் நிறைகுறைகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

இருவகை அறிவு

மழை ஓய்ந்து மூன்று நாள்களாகியும் ஒரு தெருவில் நீர் வடியவில்லை என்று கொள்வோம். வடிகால் அமைத்த பொறியாளருக்கு அத்தெருவின் நீளம், அகலம், மட்டம் ஆகியவை தெரியும். அங்கு நாற்பது ஆண்டுகள் வாழ்ந்த மூதாட்டிக்கோ, முன்பு மழைநீர் எவ்வழியே ஓடிக் குளத்தில் சேர்ந்தது என்பதும் அவ்வழியை அடைத்து நிற்கும் சுவர் எது என்பதும் தெரியும். முன்னது கல்வி தந்த அறிவு. பின்னது வாழ்க்கை தந்த அறிவு. ஒன்றை விடுத்து மற்றொன்றால் மட்டும் அந்நீரை வடியச் செய்தல் அரிது. இவ்விரண்டும் சந்திக்கும் களமே உள்ளாட்சி. மக்கள் பங்கேற்பு என்பது அரசு மக்களுக்குக் காட்டும் சலுகையன்று. பணி பிழையின்றி நடைபெறத் தேவையான அடிப்படை.

குடவோலை உணர்த்துவது

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. கி.பி. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த அவை, ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டதையும், தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுச் சிறுவன் ஒருவனைக்கொண்டு எடுக்கச் செய்ததையும் கூறுகின்றன. ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் எனப் பணிகள் பகுக்கப்பட்டிருந்தன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் பொறுப்பேற்க இயலாது. அவருடைய உறவினருக்கும் அத்தடை உண்டு. பொதுப்பணத்தைக் கையாள்வோர் கணக்குக் காட்டியே ஆக வேண்டும் என்னும் நெறி, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் பொறிக்கப்பட்டது.

எனினும், அம்முறையின் எல்லையையும் நாம் அறிதல் வேண்டும். நிலமும் சொந்த மனையும் வேதக் கல்வியும் உடையோருக்கே அக்குடத்தில் இடம் இருந்தது. ஏரியில் மண் சுமந்தவர்க்கும் பெண்களுக்கும் இடமில்லை. கணக்குக் காட்டும் நெறியைப் போற்றும் நாம், குடத்திற்கு வெளியே நின்றவர்களையும் மறத்தலாகாது.

சட்டம் தந்த இடம்

இந்தியாவின் மிகப் பழைய மாநகராட்சியான சென்னை மாநகராட்சி 1688ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. 1882இல் ரிப்பன் பிரபு வெளியிட்ட தீர்மானம், உள்ளாட்சியில் மக்களின் பேராளர்களுக்கு இடமளிக்க வழிகோலியது. விடுதலைக்குப் பின்னரும் நகராட்சிகளுக்கு அரசியலமைப்பில் உறுதியான இடம் கிடைக்க நெடுங்காலம் ஆயிற்று. 1993ஆம் ஆண்டு சூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்த 74ஆவது திருத்தம் அக்குறையை நீக்கியது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல், பட்டியல் இனத்தவர்க்கும் பெண்களுக்கும் இடஒதுக்கீடு ஆகியவற்றோடு, மூன்று இலட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை கொண்ட நகரங்களில் வார்டு குழுக்கள் அமைக்கப்பட வேண்டும் என்றும் அது வகுத்தது.

சிற்றூர் மக்களுக்குக் கிராம சபை உண்டு. நகர மக்களுக்கோ அத்தகைய அவை இல்லாதிருந்தது. தமிழ்நாட்டில் 2022இல் வகுக்கப்பட்ட விதிகள் அவ்விடைவெளியை நிரப்ப முயன்றன. அவற்றின்படி ஒவ்வொரு வார்டும் சில பகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது. அப்பகுதியின் வாக்காளர் அனைவரும் பகுதி சபையின் உறுப்பினர் ஆவர். வார்டு உறுப்பினரின் தலைமையில் வார்டு குழு இயங்குகிறது. அவ்வாண்டு நவம்பர் முதல் நாள், உள்ளாட்சி நாளையொட்டிப் பகுதி சபைக் கூட்டங்கள் நடைபெற்றன. குடிநீர், தெருவிளக்கு, கழிவு அகற்றல் எனத் தம் தேவைகளை மக்கள் முன்வைக்க அவை இடமளித்தன.

ஒரு நகரம் காட்டிய வழி

பிரேசில் நாட்டின் போர்த்தோ அலெக்ரி நகரம் 1989இல் ஒரு புதிய முறையைத் தொடங்கியது. நகராட்சியின் வரவு செலவுத் திட்டத்தில் முதலீட்டுக்குரிய பணத்தை எங்கே, எதற்குச் செலவிடுவது என்பதை வட்டாரந்தோறும் மக்கள் கூடி விவாதித்தனர். ஏழ்மை மிகுந்த வட்டாரங்களுக்குக் கூடுதல் மதிப்பெண் தரும் முறையும் வகுக்கப்பட்டது. அதன் பயனாகக் குடிநீரும் கழிவுநீர் வசதியும் நகரின் விளிம்பில் இருந்த குடியிருப்புகளை அடைந்தன. உலகின் பல நகரங்கள் இம்முறையைப் பின்பற்றின. ஆயினும், ஆட்சியாளரின் ஆர்வம் குறைந்தபோது போர்த்தோ அலெக்ரியிலேயே அது நலிந்து, 2017இல் நிறுத்தி வைக்கப்பட்டது. கூட்டம் கூட்டுவது எளிது. கூட்டத்தின் முடிவுக்குப் பணமும் அதிகாரமும் தொடர்ந்து கிடைக்கச் செய்வதே கடினம்.

வராதவரின் குரல்

பங்கேற்புக்கு மற்றோர் இடர்ப்பாடும் உண்டு. வேலைநாளில் முற்பகல் பத்து மணிக்குக் கூட்டம் நடந்தால் யார் வருவார்? நாட்கூலி பெறுவோர் வர இயலாது. பிறர் வீட்டில் வேலை செய்யும் பெண்ணும் வர இயலாது. தண்ணீர் லாரிக்காகக் குடத்துடன் காத்திருப்பவரே தண்ணீரைப் பற்றிப் பேச வராத நிலை ஏற்படுகிறது. வந்தவர் கேட்ட பூங்கா தீர்மானமாகிறது. வராதவர் கேட்டிருக்கக்கூடிய குடிநீர்க் குழாய் எழுதப்படாமலே போகிறது. ஆகவே, கூட்டத்தின் நாள், நேரம், இடம் ஆகியவற்றைத் தேர்வதும் நீதியின் ஒரு பகுதியே. முன்கூட்டியே அறிவித்தல், எளிய தமிழில் வரவுசெலவை வெளியிடுதல், சென்ற கூட்டத்தின் தீர்மானம் என்னவாயிற்று என்று அடுத்த கூட்டத்தில் முதலில் கூறுதல் ஆகிய மூன்றும் நிகழ்ந்தால் மக்களின் நம்பிக்கை வளரும். தகவல் கிடைக்காதபோது, 2005ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டம் துணைநிற்கும்.

பதினொன்றாம் வகுப்பில் பயிலும் உங்களுள் பலர் இன்னும் ஓரிரு ஆண்டுகளில் வாக்காளராகி, உங்கள் பகுதி சபையின் உறுப்பினரும் ஆவீர்கள். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் தெருவில் நீர் தேங்கும் இடங்களை வரைபடமாக்கலாம்; எரியாத விளக்குகளைக் கணக்கெடுக்கலாம்; எழுதத் தெரியாத அண்டை வீட்டாரின் கோரிக்கையை அவர் சொல்லச் சொல்ல எழுதித் தரலாம். ஊர்கூடித் தேர் இழுக்கும்போது வடத்தைப் பற்றுவதற்கு எல்லாருக்கும் இடம் உண்டு. தேர் எந்தத் தெருவிற்குச் செல்லவேண்டும் என்று முடிவெடுக்கும் அவையிலும் எல்லாருக்கும் இடம் கிடைப்பதே மக்களாட்சியின் நிறைவாகும்.