முள்ளந்தண்டில் இரத்தக்குழாய்க் கட்டி: எப்போது பயப்பட வேண்டும்?

நாரிநோவுக்கென்று எடுத்த எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் ‘ஹெமான்ஜியோமா’ என்றிருந்தால், அது ஒரு கட்டி என்று அறிந்ததும் பலருக்கு நித்திரை போய்விடும். நுகேகொடையிலிருந்து ஹைலெவல் வீதியால் சற்றுத் தூரம் போனால் மகரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலை. கட்டி என்றாலே எங்கள் மனம் அங்கேதான் ஓடுகிறது. ஆனால் இது புற்றுநோய் அல்ல.

என்ன கட்டி இது?

முள்ளந்தண்டு எலும்புக்குள் நுண்ணிய இரத்தக்குழாய்கள் பெருகித் திரள்வதே ஹெமான்ஜியோமா. ஏறத்தாழ 10 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது. எலும்பின் உள்ளிழைகள் சில தேய்ந்து, எஞ்சியவை தடிப்பதால், சீ.டி. படத்தில் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். பெரும்பாலானவை ஆயுள் முழுக்கத் தொல்லை தருவதில்லை. அவற்றுக்குச் சிகிச்சையும் வேண்டாம். ஆகவே, நோவுக்கு வேறு காரணம் உண்டா என்றே வைத்தியர் முதலில் தேடுவார்.

யாருக்குச் சிகிச்சை?

கட்டியால் எலும்பு பலமிழந்து தொடர்ந்து நோகும்போதும், கட்டி வெளியே வளர்ந்து முண்ணாணை அழுத்தும்போதும் சிகிச்சை தேவைப்படும். அரிதாக, கர்ப்பகாலத்தின் பிற்பகுதியில் அறிகுறிகள் திடீரெனக் கூடுவதுண்டு.

ஊசி வழியாக

1984இல் பிரான்சின் அமியான் நகரில் கலிபேர், தெராமோன் என்ற வைத்தியர்கள், கழுத்தின் இரண்டாம் முள்ளென்பிலிருந்த இத்தகைய கட்டிக்குள் ஊசியால் எலும்புச் சீமெந்தைச் செலுத்தினார்கள். ‘வெர்டிப்ரோபிளாஸ்டி’ பிறந்தது இப்படித்தான். நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, விறைப்பு ஊசி போட்டு, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி ஊசியை எலும்புக்குள் இறக்குவார்கள். சீமெந்து சில நிமிடங்களில் இறுகி எலும்பைத் தாங்கும். அது வெளியே கசிந்தால் நரம்பையோ நுரையீரலையோ பாதிக்கலாம் என்பதால் அனுபவமுள்ள கை அவசியம்.

இன்னொரு முறை, தொடை இடுக்கு நாடி வழியே மெல்லிய குழாயைச் செலுத்திக் கட்டிக்குப் போகும் இரத்தத்தை அடைப்பது. சத்திரசிகிச்சைக்கு முன் இதைச் செய்தால் இரத்தப்பெருக்கு குறையும். சிலருக்குக் கதிர்ச்சிகிச்சையும் கொடுப்பார்கள். அதற்காக மகரகமவுக்கு அனுப்பினாலும் கட்டி புற்றுநோயாகிவிடாது.

தாமதிக்கக் கூடாதவை

கால்கள் பலமிழத்தல், நடை தள்ளாடுதல், இடுப்புக்குக் கீழ் மரத்தல், சிறுநீர் மலம் கட்டுப்படாமை: இவற்றில் ஒன்று கண்டாலும் எண்ணெய் பூசிக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். முண்ணாண் நசுங்கினால் ஊசி மட்டும் போதாது. பெரும்பாலும் அவசர சத்திரசிகிச்சையே வேண்டிவரும். இலவச ‘சுவசெரிய’ அம்புலன்சுக்கு 1990ஐ அழையுங்கள்.