பழைய கல்வீடுகளும் நிலநடுக்கமும்

விஸ்வநத்தம், சிவகாசி வட்டார மக்களுக்கு அதிர்ச்சி என்பது புதிதன்று. பட்டாசுத் தொழிற்சாலையில் விபத்து நேருமாயின், தொலைவிலுள்ள வீட்டின் கதவுகளும் சன்னல்களும் நடுங்குவதை அவர்கள் அறிவர். ஆயினும் நிலநடுக்கம் என்று சொன்னால், அது வடநாட்டுக்கு உரியது என்று கருதுவோரே பலர். 2002ஆம் ஆண்டில் வெளியான நாட்டின் நிலநடுக்க வரைபடமும் சிவகாசிப் பகுதியை மிகக் குறைந்த அபாயமுடைய மண்டலத்தில்தான் சேர்த்தது.

இதனை நம்பி வாளாவிருத்தல் சரியாகாது. மராட்டிய மாநிலத்தில் லாத்தூரை அடுத்த கில்லாரியும் அந்நாளைய வரைபடத்தில் அபாயம் மிகக் குறைந்த இடமாகவே இருந்தது. 1993 செப்டம்பர் 30ஆம் நாள் விடியுமுன் அங்கு நிலம் அதிர்ந்தபோது ஏறத்தாழ 8,000 முதல் 10,000 பேர் வரை மாண்டனர். அதிர்ச்சியின் அளவு 6.2 மட்டுமே. நம் மாநிலத்திலும் 1900 பிப்ரவரி 8ஆம் நாள் கோயம்புத்தூர்ப் பகுதியில் ஏறக்குறைய அதே அளவுள்ள நடுக்கம் நிகழ்ந்துள்ளது.

கில்லாரி மக்களைக் கொன்றவை அவர்களுடைய வீடுகளே. ஒழுங்கற்ற கற்களை மண் சாந்தில் அடுக்கிய தடித்த சுவர்கள். அவற்றின் மேல் மரம் பரப்பி, கனமாக மண் கொட்டிய கூரை. இத்தகைய சுவர் பார்வைக்கு ஒன்று, உண்மையில் இரண்டு. உள்முகம் ஒன்று, வெளிமுகம் ஒன்று, நடுவில் சில்லுக்கல்லும் மண்ணும். நிலம் ஆடும்போது இரு முகங்களும் பிரிந்து புடைத்துச் சரிகின்றன. கூரை கீழே இறங்குகிறது. தடித்த சுவரே உறுதியானது என்று நம் பெரியோர் கூறுவர். வெயிலுக்கு அது நன்றே. நிலநடுக்கத்திலோ சுவரின் எடை மிகுந்தால் அதனைத் தள்ளும் விசையும் மிகும். வெடி விபத்தின் காற்றழுத்தம் ஒரு முறை தாக்கி நீங்கிவிடும். நிலநடுக்கம் அடித்தளத்தையே பல விநாடிகள் முன்னும் பின்னும் உலுக்கும். முன்பு வெடியதிர்ச்சியால் விரிசல் கண்ட சுவர் இதற்கு எளிதில் இரையாகும்.

வீட்டை இடிக்காமலே இக்குறையைப் பெரும்பாலும் நீக்கலாம். புதுச் சுவர் எழுப்புவோர், இரு முகங்களையும் எட்டும் நீண்ட கற்களைக் குறுக்கே வைத்தல் வேண்டும், பக்கவாட்டில் 1.2 மீட்டருக்கும் உயரத்தில் 0.6 மீட்டருக்கும் ஒன்று குறையாமல் இருத்தல் நலம். பழைய சுவரில், ஒரு கல்லை மெல்ல அசைத்து எடுத்து, மறுபுறம் வரை சிறு துளை செய்து, இரு முனையும் வளைத்த 8 மில்லிமீட்டர் கம்பியை வைத்துக் கான்கிரீட்டால் நிரப்பினால் அதே பயன் கிட்டும். சம்மட்டியால் ஓங்கி அடித்தல் ஆகாது, சுவரே கலகலத்துவிடும்.

அடுத்தது கட்டிடத்திற்கு இடுப்புக்கச்சை கட்டுவது போன்ற வேலை. கதவு நிலை, சன்னல் ஆகியவற்றின் தலைமட்டத்திற்குச் சற்று மேலே, ஏறத்தாழ ஓரடி அகலத்திற்குப் பூச்சை உரித்து, கல் இடுக்குகளைச் சுரண்டிக் கழுவி, பற்றவைத்த கம்பி வலையை ஆணியடித்துப் பொருத்தி, ஒன்றுக்கு மூன்று சிமெண்டு மணற் கலவை பூச வேண்டும். எல்லாச் சுவர்களையும் இது விடாது சுற்றி வருதல் இன்றியமையாதது. மூலையில் அறுபட்டால் பயனில்லை. நம் கொத்தனார்கள் அவசரத்தில் விட்டுவிடுவது நீர் தெளித்துப் பதப்படுத்தும் வேலையைத்தான். பத்து நாட்களேனும் அதனைச் செய்விக்க வேண்டும்.

பஞ்சாயத்தார் முதலில் நோக்க வேண்டியவை பள்ளி, சத்துணவுக் கூடம், நியாய விலைக் கடை ஆகியவற்றின் பழைய கட்டிடங்கள். சுவர்கள் கூடும் மூலையில் மேலிருந்து கீழாக விரிசல் உள்ளதா, சுவர் வயிறு தள்ளியுள்ளதா, கூரை ஒழுகி மண் சாந்து கரைந்துள்ளதா என்று பார்த்துக் குறித்து, ஒன்றியப் பொறியாளரை அழைத்துக் காட்டி, மதிப்பீடு பெற்றுக் கிராம சபையில் வைக்கலாம். வயிறு தள்ளிய சுவருக்கு மட்டும் மேற்கூறிய முறைகள் உதவா. கூரைக்கு முட்டுக் கொடுத்து, அப்பகுதியைப் பிரித்துக் கட்டியே தீர வேண்டும்; அதுவரை அச்சுவரோரம் குழந்தைகளை அமர்த்தலாகாது.